தோற்பதற்கு ஒரு ஒத்திகை

கயிறு இழுத்தலில் தோற்பது எப்படி என்று மூன்று நாள் ஒத்திகை பார்த்த அணி இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்திருக்கும். அந்த அணியின் தலைவன் நான். யோசனையும் என்னுடையது. பதினைந்து வருடமாக இதை மறைக்கப் பார்த்து, முடியாமல், இப்போது நானே எழுதிவிடுவது மரியாதை என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். (மற்றவர்கள் சொல்லும் கதையில் நான் இழுபட்ட தூரம் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போகிறது. இப்படியே விட்டால் கல்முனை வரை இழுபட்டேன் என்று சொல்வார்கள்.)

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பட்டம் முடித்து, நியமனத்துக்காகக் காத்திருந்து காத்திருந்து, கடைசியில் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற கடிதம் கைக்கு வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. மட்டக்களப்பு நகரத்தில் பிறந்து வளர்ந்தவன், அங்கிருந்து தினமும் பஸ்ஸில் தெற்கே ஒரு அரச கந்தோருக்குப் போய்வந்தேன். கந்தோரில் வேறு யாரும் கேட்டு வாங்காத ஒரு விடயம் மேசையில் மீதமிருந்தது. முதியோர் நலன். புதியவன் என்பதால் அது என் தலையில் விழுந்தது.

அதற்காக இரண்டு நாள் பயிற்சி தந்தார்கள். பயிற்சியில் சொன்னது எதுவும் இப்போது நினைவில்லை. கையோடு தந்த கோப்பின் அட்டை மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. சுருக்கம் விழுந்த ஒரு கையை இன்னொரு இளம் கை தாங்கிப் பிடித்திருக்கும் படம். அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து, அறுபதைத் தாண்டிய ஒவ்வொருவரும் கீழே வைத்தால் உடைந்துபோகும் சாமான் என்று முடிவு கட்டிவிட்டேன். நரைத்த தலையைக் கண்டால் சத்தமாகவும் மெதுவாகவும் பேசத் தொடங்கினேன். வீட்டில் அப்பாவுக்கு ஐம்பத்தெட்டு. இன்னும் இரண்டு வருடம்தானே என்று முன்கூட்டியே படியேறும்போது அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, உனக்குத் தலைசுற்றா, டொக்டரிடம் காட்டவா என்று கேட்டார்.

என்னுடைய பொறுப்பில் இருந்த முதியோர் சங்கங்களில் ஒன்று, தேற்றாத்தீவுக்கும் செட்டிபாளையத்துக்கும் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு என்கிற உப்புநீர் ஏரி, நடுவில் கல்முனைக்குப் போகும் வீதி. ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

அந்தச் சங்கத்தின் தலைவி நல்லம்மா. வயது அறுபத்தேழு. ஒல்லியான ஆள், அளந்து பேசுவார், பேசாத நேரத்தில் ஆளையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் ஒரு விண்ணப்பம் கொண்டுவந்து தந்தார். பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் எப்போதோ எதற்கோ கட்டி, பூட்டிக் கிடக்கும் சின்னக் கட்டிடம் ஒன்று இருக்கிறது. ஆடுகள்தான் அதன் விறாந்தையில் படுக்கின்றன. அதைச் சங்கத்துக்குத் தந்தால் தினமும் விடியற்காலையில் இலைக்கஞ்சியும் பிட்டும் செய்து விற்போம், வேலைக்குப் போகிற சனமும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் வெறும் வயிற்றோடு பஸ் ஏறுவது நிற்கும் என்று இரண்டு பக்கத்தில் எழுதியிருந்தார். கையெழுத்து அச்சுப் போல இருந்தது.

விசாரிப்பதற்காக அவருடைய வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். அவர் நீட்டும்போது கோப்பை சாசரில் கடகடவென்று ஆடியது. என் கண்ணில் உடனே கோப்பு அட்டையின் படம் வந்து நின்றது. (சாசரின் அடி கோணலாக இருந்ததால்தான் கோப்பை ஆடியது. அதே சாசரில் பிறகு எத்தனையோ தடவை குடித்திருக்கிறேன். என் கையிலும் அது அப்படித்தான் ஆடுகிறது.) கந்தோருக்குத் திரும்பி வந்து, விண்ணப்பத்தின் அடியில் இப்படி எழுதினேன்:

"விண்ணப்பதாரர்களின் முதிர்ந்த வயது, கை நடுக்கம் மற்றும் உடல்நிலை என்பவற்றைக் கருத்திற் கொண்டு பரிந்துரைக்கப்படவில்லை."

அந்த வசனம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. பக்கத்து மேசை ரிஸ்வானுக்கு வாசித்தும் காட்டினேன். காத்தான்குடி ஆள், என்னுடன் ஒரே நாளில் நியமனம் பெற்றவன். அவன் கேட்டுவிட்டு, அவருக்கு அறுபத்தேழு, என்னுடைய உம்மாவுக்கு எழுபது, உம்மா இன்னும் ஐம்பது பேருக்கு ஒற்றை ஆளாகச் சமைக்கிறா என்றான். உன் உம்மா விதிவிலக்கு என்று சொல்லி அவன் வாயை அடைத்தேன்.

கடிதம் போய்ச் சேர்ந்தது. நல்லம்மா சண்டைக்கு வரவில்லை, கேள்வி கேட்கவும் இல்லை. அதுதான் என்னை உறுத்தியது. பாவம், வயது போன காலத்தில் ஒரு ஆசை, அதையும் மறுத்துவிட்டோமே என்று தோன்றியது. கடையைக் கொடுக்க முடியாது, ஒரு சந்தோசத்தையாவது கொடுப்போம் என்று யோசித்துத்தான் அந்த வருட முதியோர் தினத்துக்கு விளையாட்டுப் போட்டி வைத்தேன். முந்திய வருடங்களில் ஒரு பேச்சு, பொன்னாடை, கேக் துண்டு, இன்னொரு பேச்சு என்று முடிந்துபோகும் நாள் அது. நான் கடைசி நிகழ்ச்சியாக ஒன்றைச் சேர்த்தேன். முதியோர் சங்கத்துக்கும் கந்தோர் உத்தியோகத்தர்களுக்கும் கயிறு இழுத்தல், ஒரு பக்கத்துக்கு எட்டுப் பேர். நாங்கள் தோற்றுக்கொடுக்க வேண்டும். அவர்கள் பொக்கை வாயால் சிரிக்க வேண்டும். நான் அதைப் படம் எடுத்து மாவட்டத்துக்கு அனுப்ப வேண்டும்.

ரிஸ்வானுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது.

"மச்சான், தோற்கிறதுக்கு என்னத்துக்கு ஒத்திகை? கைய விட்டாச் சரிதானே?"

அப்படிக் கையை விட்டால் அவர்கள் எல்லாரும் ஒரேயடியாக மல்லாக்க விழுந்துவிடுவார்கள், எலும்பு முறிந்தால் யார் பொறுப்பு என்று விளக்கினேன். ஆகவே திட்டம் போட்டோம். விசில் ஊதியதும் பத்து எண்ணும்வரை அசையாமல் நிற்பது. பிறகு அரை அடி விட்டுக்கொடுப்பது. பிறகு கொஞ்சம் நமது பக்கம் இழுப்பது, அவர்களுக்கு உற்சாகம் வர வேண்டும் அல்லவா. பிறகு முகத்தைச் சுளித்து, முனகி, மெல்ல மெல்ல விட்டு, கோட்டைத் தாண்டியதும் அழகாக விழுவது. வேலை முடிந்த பிறகு கந்தோர் வளவில் வாகனத்தின் முன்பக்கத்தில் கயிற்றைக் கட்டிப் பழகினோம். எங்களில் ஒருவர் உண்மையான கலைஞர். அவர் முனகிய முனகலில் காவலாளி தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்தார்.

அந்த நாளும் வந்தது. களப்பு ஓரத்தில் இருக்கும் மணல் மைதானத்தில் பந்தல் போட்டிருந்தோம். நான் செய்திருந்த ஏற்பாடுகளை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. மருந்துப் பெட்டி ஒன்று. உப்புக் கரைசல் ஒரு வாளி. அவசரத்துக்கு ஓட்டோ ஒன்று, சாரதி இறங்கக்கூடாது என்ற கட்டளையுடன். இவையெல்லாம் போதாது என்று பாலர் பாடசாலையிலிருந்து எட்டு மெத்தைகளைக் கடன் வாங்கி, முதியோர் அணி விழக்கூடிய இடத்தில் வரிசையாகப் போட்டிருந்தேன்.

மெத்தைகளைத் தந்த ஆசிரியையின் பெயர் வத்சலா. அதே ஊர்க்காரி. அன்று ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்வதும் அவள்தான். மெத்தை எந்தப் பக்கம் போட வேண்டும் என்று கேட்டாள். முதியவர்கள் பக்கம் என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு சொல்லாமலே போய்விட்டாள். அவள் அன்று அந்த வாயைத் திறந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

போட்டிக்குப் புத்தம் புதிய நீல நைலோன் கயிறு வாங்கியிருந்தேன். முதியோர் அணியின் தலைவராகப் பொன்னுத்துரை என்று ஒருவர் முன்னால் வந்தார். எழுபத்தொரு வயது, காய்ந்து கறுத்த உடம்பு, மடித்துக் கட்டிய சாறன், காலில் செருப்பு இல்லை. கயிற்றை இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தார். இது கையை வெட்டும் மனே என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு ஆளனுப்பி ஒரு பழைய தும்புக் கயிற்றைக் கொண்டுவரச் செய்தார். அதை நேரே களப்பில் முக்கி எடுத்தார்கள். நான் ரிஸ்வானிடம் திரும்பி, பழைய ஆட்களுக்குப் பழைய சாமானில் ஒரு பாசம் என்று மெதுவாகச் சொன்னேன்.

அந்தக் கயிறு என்ன கயிறு, அவருக்கு ஏன் அப்படி ஒரு கயிறு வீட்டில் இருக்கிறது என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவருடைய படிவத்தில் தொழில் என்ற இடத்தில் 'இல்லை' என்று நானே நிரப்பியிருந்தேன். ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசியிருந்தால், அவரும் அந்த அணியில் இருந்த இன்னும் நான்கு ஆண்களும் நாற்பது வருடம் கடற்கரையில் கரைவலை இழுத்தவர்கள் என்று தெரிந்திருக்கும். அரைக் கடலில் போட்ட வலையை, மீனோடும் அலையோடும் சேர்த்து, மணலில் காலை ஊன்றிக் கரைக்கு இழுத்து எடுக்கும் தொழில் அது. மீதி மூன்று பேரும் பெண்கள். நல்லம்மாவும் அவருடைய இரண்டு சிநேகிதிகளும் வயல் வட்டையில் ஒரு பருவம் விடாமல் வேளாண்மை வெட்டிக் கட்டுக்கட்டித் தலையில் சுமந்தவர்கள். எங்கள் அணியில் ஆகக் கூடிய பாரம் தூக்கியவன் ரிஸ்வான். அவன் ஒருமுறை கந்தோர் அலுமாரியை நகர்த்தியிருக்கிறான்.

விசில் ஊதியது. திட்டப்படி நான் பத்து எண்ணத் தொடங்கினேன். மூன்று எண்ணும்போது கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றேன்.

என்ன நடந்தது என்று எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை. முனகுவதற்குக்கூட அவகாசம் கிடைக்கவில்லை. கலைஞர் மட்டும், எல்லாம் முடிந்த பிறகு, கடமைக்காக ஒரு முனகல் முனகினார். முதியோர் அணியில் ஒருவர்கூட விழவில்லை. எட்டு மெத்தையும் தூசி படாமல் கிடந்தன. சனம் கைதட்டியது. நான் ரிஸ்வானிடம், நடிப்பில் கவனம் வைத்ததால் வந்த விளைவு இது, பரவாயில்லை, நோக்கம் நிறைவேறியது என்றேன். அவன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அத்தோடு விட்டிருந்தால் மரியாதையாக வீட்டுக்குப் போயிருப்பேன். ஆனால் நல்லம்மா நேரே வத்சலாவிடம் போய் மைக்கை வாங்கினார். பந்தலில் முன்வரிசையில் எங்கள் கந்தோரின் பெரியவர், பிரதேச செயலாளர் அம்மா, உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்துத்தான் நல்லம்மா பேசினார்.

"மூண்டு தரம் இழுக்கிறதுதான் முறை. அடுத்ததையும் நாங்க வெண்டா, எங்களுக்கு வேற பரிசு வேணாம். பஸ் எடுக்கிற இடத்தில இரிக்கிற அந்தக் கட்டிடத்தத் தாங்க. எங்களால ஏலாது எண்டு எழுதின கடிதத்த மாத்துங்க."

மைதானம் முழுவதும் விசிலடித்துக் கைதட்டியது. பிரதேச செயலாளர் அம்மா சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, பரிந்துரை எழுதியது நீங்கள்தானே, நீங்களே பதில் சொல்லுங்கள் என்றார். எல்லாருடைய முகமும் என் பக்கம் திரும்பியது. இருபத்தாறு வயதில் அப்படி ஒரு கூட்டத்துக்கு முன்னால் இல்லை என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. சரி என்றேன்.

சொன்ன பிறகுதான் யோசித்தேன். இனித் தோற்றால் என்னுடைய வசனம் போயிற்று. உடல்நிலை காரணமாக ஏலாது என்று நான் கையொப்பம் வைத்த ஆட்கள் என்னை ஊர் பார்க்க இழுத்து விழுத்தினால், அந்தக் கையொப்பத்துக்கு என்ன பெறுமதி? அணியைக் கூட்டினேன். நடிப்பு வேண்டாம், உண்மையாக இழுக்க வேண்டும் என்றேன். முதல் தடவையே உண்மையாகத்தான் இழுத்தோம் என்று ரிஸ்வான் அப்போதுதான் ஒப்புக்கொண்டான்.

அந்த நேரத்தில்தான் எனக்கு அந்த மகா யோசனை உதித்தது. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் கடைசி ஆள் கயிற்றை உடம்பில் சுற்றிக்கொண்டு நங்கூரம் மாதிரி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். நானும் வால் பக்கம் போய், கயிற்றை இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். சுற்றுவதோடு விடுவார்கள், முடிச்சுப் போடமாட்டார்கள் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதுவும் இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு. (நனைந்த தும்புக் கயிறு என்பதையும் சேர்த்து வாசிக்கவும்.)

இரண்டாவது விசில். நாங்கள் உயிரைக் கொடுத்து இழுத்தோம். எதிர்ப்பக்கம் அசையவில்லை. அவர்கள் இழுக்கவும் இல்லை. காலை மணலில் புதைத்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, சும்மா நின்றார்கள். பொன்னுத்துரை பக்கத்தில் நின்றவரிடம் என்னவோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு தெரிந்தது, நாளைக்குக் காற்று எந்தப் பக்கம் என்று பேசினார்களாம். ஒரு நிமிடம் போனது. எங்கள் கைகள் எரிந்தன, யாரோ ஒருவருக்கு மூச்சு விசிலடித்தது. அப்போது பொன்னுத்துரை தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏலோ" என்று ஒரு குரல் கொடுத்தார். எட்டுப் பேரும் ஒரே அடியாகப் பின்னால் ஒரு காலடி வைத்தார்கள்.

எங்கள் அணியின் முதல் ஆள் கையை விட்டார். அடுத்தவரும் விட்டார். ரிஸ்வான், என் ஆருயிர் நண்பன், "மச்சான் மன்னிச்சுக்க" என்று சொல்லிவிட்டுத்தான் விட்டான். ஏழு பேரும் விட்டாயிற்று. என்னால் மட்டும் விட முடியவில்லை. கயிற்றை நான் பிடித்திருக்கவில்லை, கயிறு என்னைப் பிடித்திருந்தது.

இங்கேதான் கரைவலைக்காரர்களின் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வலை கரையை நெருங்கும்போது கயிற்றில் பாரம் குறையும். அப்போது நிறுத்தினாலோ மெதுவாக இழுத்தாலோ மீன் பாய்ந்து தப்பிவிடும். ஆகவே பாரம் குறைந்தால் இன்னும் கெதியாக இழுக்க வேண்டும், ஓட வேண்டும். நாற்பது வருடம் கைகளுக்குப் பழகிப்போனது அது. எட்டுப் பேரின் பாரம் திடீரென்று ஒரு ஆளின் பாரமாகக் குறைந்ததும், அந்த ஐந்து கிழவர்களும் யோசிக்கவே இல்லை. திரும்பி, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். பெண்கள் மூவரும் சிரித்தபடி கூடவே ஓடினார்கள்.

நான் முதல் பத்து அடி ஓடிப் பார்த்தேன். அதற்குப் பிறகு கால்கள் என்னை விட்டுவிட்டன. குப்புற விழுந்து, மணலை உழுதுகொண்டு போனேன். ஓரமாகச் சோடா வைத்திருந்த மேசையின் ஒரு கால் என்னோடு வந்தது. அவர்களுக்காக நான் போட்ட எட்டு மெத்தைகளையும் ஒவ்வொன்றாகக் கடந்தேன். காற்சட்டையின் பின்பக்கத் தையல் எந்த மெத்தையில் பிரிந்தது என்பது பற்றி ஊரில் இன்னும் இரண்டு அபிப்பிராயம் இருக்கிறது. இத்தனைக்கும் மேலே ஒலிபெருக்கியில் வத்சலாவின் குரல், பாலர் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் அதே நிதானத்தில் போய்க்கொண்டிருந்தது.

"உத்தியோகத்தர் அணியின் தலைவர் மட்டும் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. இப்போது சோடா மேசையைக் கடக்கிறார். இப்போது மெத்தைகளுக்கு வந்துவிட்டார்."

பொன்னுத்துரை திரும்பிப் பார்த்து, வலையில் வந்தது மீனல்ல என்று கண்டுகொண்ட இடம் களப்பின் விளிம்பு. என்னுடைய தலைமயிர் தண்ணீரில் நனைந்திருந்தது. ஓட்டோ சாரதி, என் கட்டளையை மறக்காமல், வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்து பக்கத்தில் நிறுத்தினான். முதியவர்களுக்காக நிறுத்திய ஓட்டோ. உப்புக் கரைசலை ஒரு எழுபது வயது அம்மா எனக்குப் பருக்கினார்.

இடுப்பு முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. நான் முயன்றேன், விரல்கள் சொல் கேட்கவில்லை. ரிஸ்வான் முயன்றான், அவனுடைய உள்ளங்கை தோலுரிந்திருந்தது. யாரோ கத்தி எடுக்கப் போனார்கள். நல்லம்மா அவர்களை விலக்கிக்கொண்டு வந்து, மணலில் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். நல்ல கயிற்றை ஏன் வெட்டுகிறீர்கள் என்று கேட்டுவிட்டு, ஆள்காட்டி விரலையும் பெருவிரலையும் முடிச்சுக்குள் விட்டு ஒரு திருகு திருகினார். முடிச்சு அவிழ்ந்து விழுந்தது. அந்த விரல்கள் துளியும் அசையவில்லை. எனக்குப் பக்கத்தில், முகத்துக்கு நேரே, நான் எழுதிய கை நடுக்கம் எதுவும் இல்லாத கை இருந்தது.

அவர் என் முகத்தைப் பார்த்தார். மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, கேட்டார்.

"மனே, அந்தக் கடிதத்தில கை நடுக்கம் எண்டு எழுதியிரிந்திச்சே. அது ஆருட கை?"

குனிந்து பார்த்தேன். என் இரண்டு கையும் மழையில் நனைந்த ஆட்டுக்குட்டி மாதிரி வெடவெடத்துக்கொண்டிருந்தன. வெட்கமாக இருந்தது. காற்சட்டை கிழிந்த வெட்கம் ஒரு பக்கம் இருக்கட்டும், இது வேறு வெட்கம். இந்த மனுசியின் வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டு, அவரை ஒரு வார்த்தை கேட்காமல், ஒரு கோணல் சாசரைப் பார்த்து அவருடைய வயதுக்கு நான் தீர்ப்பு எழுதியிருக்கிறேன். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு சத்தம் போடாமல், இந்த நாள்வரை பொறுத்திருந்திருக்கிறார்.

"என்னுடைய கைதான், அம்மா" என்றேன்.

"ஓம்" என்றார். அவ்வளவுதான். எழும்பி, சேலைத் தலைப்பை இழுத்து என் பின்பக்கத்தில் போட்டுவிட்டு, பந்தல் வரைக்கும் என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அந்த நேரத்தில்தான் கந்தோர் கமராவில் படம் எடுத்தார்கள். சுருக்கம் விழுந்த ஒரு கை, இளம் கையொன்றைத் தாங்கிப் பிடித்திருக்கும் படம். மாவட்டத்துக்குப் போன படமும் அதுதான்.

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாகப் புதிய பரிந்துரை எழுதினேன். அது அரைப் பக்கம்தான். அந்தப் பழைய வசனத்தின் அழகு இதற்கு வரவில்லை என்று ரிஸ்வான் குறைப்பட்டான். ஆறு வாரத்தில் ஆடுகள் வேறு இடம் பார்த்துக்கொண்டன, கட்டிடத்துக்குள் அடுப்பு எரிந்தது. முதல் நாள் போய் நின்றேன். சங்கத்தில் பதினாறு பேர், நாளுக்கு நாலு பேராக முறை வைத்திருந்தார்கள். யாருக்கு முழங்கால் நோகிறதோ அவர் இருந்துகொண்டு இலை ஆய்கிறார். யாருக்குக் கண் மங்கலோ அவர் பிட்டு அவிக்கிறார், அதற்குக் கண் தேவையில்லை, மணம் போதும் என்கிறார். பஸ்ஸைத் தவறவிடப் போகிறவர்களுக்குக் கஞ்சியை ஆற்றிக் கொடுப்பதற்கென்றே ஒரு ஐயா இருந்தார். எனக்கு அங்கே ஒரு விசயம் விளங்கியது. வயது போவதென்றால் ஒவ்வொன்றாகக் கையிலிருந்து நழுவுவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இவர்களிடம் எல்லாம் சேர்ந்துகொண்டே வந்திருந்தது. எதை எப்போது பிடிக்க வேண்டும், எப்போது சும்மா நிற்க வேண்டும், எப்போது ஓட வேண்டும் என்பது உட்பட. எனக்கு அவர்களைப் பார்த்துப் பொறாமையாகக்கூட இருந்தது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னுடைய வாழ்க்கையின் பெரிய விளைவு. அடுத்த வருடம் வீட்டில் எனக்குப் பெண் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்து வத்சலாவின் பெயரைச் சொன்னேன். அவளுடைய வீட்டார் ஊரில் விசாரித்தபோது, நல்லம்மாவிடமும் போயிருக்கிறார்கள். நல்லம்மா எனக்குத் தந்த நற்சான்றிதழ் இது: கூட நின்ற ஏழு பேரும் விட்டுப்போட்டு ஓடினார்கள், இந்தப் பொடியன் ஒருவன்தான் கடைசிவரை கயிற்றை விடவில்லை, நம்பிக் கொடுக்கலாம். முடிச்சு அவிழாததால்தான் விடவில்லை என்ற உண்மை அவரை விட நன்றாக யாருக்குத் தெரியும்? அதை அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கப்படி கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். ஆக, என்னை மணலில் உழுத அதே ஊரில், அதைக் கண்ணால் கண்ட முழுச் சனத்துக்கும் நடுவில், பதின்மூன்று வருடமாகக் குடியிருக்கிறேன். ஊரின் பெயரை ஏன் சொல்லவில்லை என்று இப்போது விளங்கியிருக்கும். வீட்டில் நான் எதையாவது கொஞ்சம் கூடுதல் நம்பிக்கையோடு தொடங்கினால் போதும், கூரை ஓடு மாற்றுவதாகட்டும், மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதாகட்டும், வத்சலா சமையலறையிலிருந்தே கேட்பாள்: "இடுப்பில கட்டியாச்சா?" பிள்ளைகள் இரண்டும் அதைப் பிடித்துக்கொண்டுவிட்டன. மகள் பாடசாலைக் கட்டுரையில், எனது தந்தை ஒரு விடாமுயற்சி உள்ளவர் என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் முழுக் கதையையும் எழுதிவிட்டு வந்தாள்.

அந்த இழுப்பு இன்றுவரை வருடா வருடம் நடக்கிறது. முதியோர் அணி இதுவரை தோற்றதில்லை. பொன்னுத்துரை ஐயாவுக்கு எண்பத்தாறு, இப்போது இழுப்பதில்லை, கதிரை போட்டிருந்து "ஏலோ" சொல்லுகிறார். இந்த வருடம் அவர்கள் பக்கம் ஒரு ஆள் குறைவு. எனக்கு நாற்பத்தொன்று. பதினைந்து வருடமாக எதிர்ப்பக்கம் நின்று மண் கவ்வியது போதும், ஒருமுறையாவது அந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்ற ஆசையில், முறைப்படி விண்ணப்பம் எழுதினேன். இரண்டு பக்கம். கொண்டுபோய்க் கஞ்சிக் கடையில் நல்லம்மாவிடம் கொடுத்தேன். அவருக்கு இப்போது எண்பத்திரண்டு. சங்கத்துக்கு அவர்தான் இன்னும் தலைவி.

கண்ணாடியைப் போட்டு இரண்டு பக்கத்தையும் ஆறுதலாக வாசித்தார். பேனை கேட்டார். விண்ணப்பத்தின் அடியில், அச்சுப் போன்ற அதே கையெழுத்தில் எழுதி, என்னிடம் திருப்பித் தந்தார்.

"விண்ணப்பதாரரின் குறைந்த வயது, கை நடுக்கம் மற்றும் உடல்நிலை என்பவற்றைக் கருத்திற் கொண்டு பரிந்துரைக்கப்படவில்லை."

பதினைந்து வருடம் ஒரு சொல் மறக்காமல் வைத்திருந்திருக்கிறார். கடையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த சனம் முழுவதும் எட்டிப் பார்த்து வாசித்தது. வத்சலா அதை வாங்கிச் சட்டம் போட்டு, வீட்டு முன்னறையில், எங்கள் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள்.

நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்து நல்லம்மாவுக்கு மனம் இளகியிருக்க வேண்டும். இன்னொரு கிண்ணம் கஞ்சி வார்த்துத் தந்தார்.

"அறுபது ஆகட்டும் மனே, பத்தொன்பது வருசம்தானே. உங்கட இடத்த நான் ஒருத்தருக்கும் குடுக்காம வெச்சிரிப்பன்."

கஞ்சியைக் குடித்துக்கொண்டே யோசித்தேன். அப்போது அவருக்கு நூற்றொரு வயது நடக்கும். அவர் அதையும் யோசித்துவிட்டுத்தான் சொன்னார் என்று தோன்றியது. அடுத்த ஆளுக்குக் கஞ்சி வார்க்கத் திரும்பிவிட்டார்.